முகில் மின்னஞ்சலும் மாற்றத்தைத் தொடரும் உழைப்பும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிற் கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலப்பரப்பைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் வழங்குவர். ஞாயிற்றின் திசைகொண்டு அமைந்த இப்பெயர்கள் ஒரு பொருளியல் உறவையும் குறித்து நிற்கின்றன. நெல்லும் பாலும் பெரும்பாலும் படுவான்கரையில் விளைந்தன. பெருஞ்சந்தையும் கல்லூரியும் கச்சேரியும் எழுவான்கரையிலும் புளியந்தீவிலும் அமைந்தன. காணி, உரம், நட்டஈடு முதலிய கருமங்களுக்காகப் படுவான்கரை விவசாயி துறை கடந்து வரவேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிற் படகுப்பாதையே மக்களுக்குக் கதியாயிருந்தது.

இன்று அக்கருமங்களுட் பல மின்னஞ்சல் வழியாகவே நகர்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், அங்கிருந்து கொழும்பிலுள்ள அமைச்சுகளுக்கும் விபரத்திரட்டுகளும் சுற்றறிக்கைகளும் அவ்வழியிற் சென்று மீள்கின்றன. பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியனவும் இவ்வழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆகவே, மின்னஞ்சற் கருவி ஒன்றில் நிகழும் மாற்றம் கணினி அறையோடு முடிந்துவிடும் விடயமன்று. துறையிற் பாதை நின்றுபோனால் யார் யார் கரையில் நிற்க நேர்ந்ததோ, இதிலும் பெரும்பாலும் அவர்களே நிற்க நேர்கின்றது.

இம்மாற்றங்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றைப் பின்தொடரும் பொறுப்பு யார்மேல் விழுகின்றது, அப்பொறுப்பை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாற்றத்தைப் பின்தொடர்தலும் ஓர் உழைப்பே. அவ்வுழைப்பு உழைப்பென ஏற்கப்படாத இடத்திலேயே இழப்பு நேர்கின்றது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. உடைமையிலிருந்து வாடகைக்கு

முகில் என்பது ஆகுபெயராக வழங்கும் ஒரு சொல். மழை முகிலுக்குரிய இலேசும் உருவின்மையும் இதற்கில்லை. தொலைவில் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பெருங்கட்டடங்களில், மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு இயங்கும் பல்லாயிரம் சேவையகங்களே அது. நமது கடிதம், கோப்பு, கூட்ட நாட்காட்டி யாவும் அங்கே இருக்கின்றன. நமது மேசையிலுள்ள கணினி அவற்றைக் காட்டும் சாளரமாகவே பெரிதும் பயன்படுகின்றது.

முன்னர் ஓர் அலுவலகம் மென்பொருளை இறுவட்டாக வாங்கிற்று. வாங்கிய பதிப்பு பழையதாயினும், கணினி இயங்கும்வரை அதன் உருவம் மாறவில்லை. புதிய பதிப்பை எப்போது ஏற்பது என்பதை அலுவலகமே முடிவுசெய்தது. முகிற் சேவையில் இவ்வுரிமை இடம்மாறுகின்றது. கூகிள் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கான தனது மின்னஞ்சல் தொகுதியை 2006இலும், மைக்ரோசொப்ட் தனது 'ஒபிஸ் 365' சேவையை 2011இலும் தொடங்கின. இவற்றிற் பயனர் பெறுவது ஒரு பொருளை அன்று. ஒரு கால எல்லைக்குட்பட்ட அனுமதியையே பெறுகின்றார். மைக்ரோசொப்ட் தனது சேவையைப் பெறும் ஒவ்வொரு நிறுவனத்தையும் 'டெனன்ட்' என்ற சொல்லாற் குறிக்கின்றது. வாடகைக்குக் குடியிருப்போன் என்பதே அச்சொல்லின் பொருள்.

மட்டக்களப்பு வாசகருக்கு இவ்வுறவு புதியதன்று. போடியாரின் நிலத்தில் வயற்காரன் விதைத்தான்; விதைநெல்லும் செலவும் போடியாரிடமிருந்து வந்தன; வரம்பை எங்கு வெட்டுவது என்பது நிலமுடையோனின் முடிவாக இருந்தது. இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் தவறு. வயற்காரனுக்குப் போடியாரின் முகம் தெரியும்; அவரிடம் நேரிற் பேசவும் முரண்படவும் இயலும். முகில் நிறுவனத்துக்கும் பிரதேச செயலக எழுதுவினைஞருக்கும் இடையே அத்தகைய முகம் இல்லை. இருப்பது 'ஏற்றுக்கொள்கின்றேன்' என்ற ஒரு பொத்தானே. இவ்வேறுபாடே புதிய உறவின் இயல்பை உணர்த்துகின்றது.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. பாதுகாப்புக் குறைபாடு ஒன்று கண்டறியப்பட்டால் அதற்கான திருத்தத்தை நிறுவனமே தன் சேவையகங்களிற் செய்துவிடுகின்றது. தனிச் சேவையகம் வாங்க இயலாத சிறு பாடசாலையும் பெருநிறுவனம் பயன்படுத்தும் அதே கருவியைப் பயன்படுத்தக் கூடியதாயிருக்கின்றது. பராமரிப்பு என்ற சுமையின் ஒரு பகுதி நம்மிடமிருந்து நீங்கியுள்ளது உண்மை. நீங்கிய சுமைக்கு ஈடாக மற்றொரு சுமை வந்து சேர்ந்ததே கவனிக்கற்பாலது.

3. மாற்றம் வரும் வழிகள்

அலுவலகத்தை வந்தடையும் மாற்றங்களை நான்கு வகைப்படுத்தலாம்.

முதலாவது, பெயரும் தோற்றமும் மாறுதல். கூகிளின் அலுவலகத் தொகுதி 2016இல் 'ஜி சூட்' என்றும், 2020இல் 'வேர்க்ஸ்பேஸ்' என்றும் பெயர்பெற்றது. பொத்தான் இடம்மாறுவதும் இவ்வகையினதே. இதனால் தரவு இழக்கப்படுவதில்லை. எனினும் பழகிய கைக்குத் தடுமாற்றம் உண்டாகின்றது. எழுதிவைத்த வழிகாட்டி ஏடுகள் ஒரே இரவிற் பயனற்றுப்போகின்றன.

இரண்டாவது, கருவி ஒன்று கைவிடப்படுதல். மைக்ரோசொப்ட் தனது முகில்வழி 'ஸ்கைப் ஃபோர் பிஸ்னஸ்' சேவையை 2021 ஜூலை 31இல் நிறுத்தி, பயனரை 'டீம்ஸ்' என்ற கருவிக்கு நகர்த்திற்று. பொதுமக்கள் பயன்படுத்திய 'ஸ்கைப்' 2025 மே மாதம் மூடப்பட்டது. கடல்கடந்து வாழும் உறவினரோடு நம்மவர் நெடுங்காலம் முகம்பார்த்துப் பேசிய கருவி அது என்பதை நினைவுகூரலாம்.

மூன்றாவது, அளவும் விலையும் மாறுதல். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடத்தை வழங்கி வந்த கூகிள், 2021இல் அக்கொள்கையை மாற்றி, நிறுவனம் முழுவதற்குமான அடிப்படை அளவாக 100 டெராபைற் என வரையறுத்தது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்த நிறுவனங்களுக்கு அது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவரின் கணக்குகளையும் கோப்புகளையும் நீக்கவேண்டிய நிலைக்குள்ளாயின. இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பின் எல்லை வகுத்தல் வணிக மூலதனத்தின் பழைய வழிகளுள் ஒன்று. இங்கு அது சேமிப்பிடத்தில் வெளிப்பட்டது.

நான்காவது, உட்புகும் முறை மாறுதல். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பி மின்னஞ்சலைப் பெறும் பழைய முறையை மைக்ரோசொப்ட் தனது முகில் அஞ்சற் சேவையில் 2022 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து படிப்படியாக நிறுத்திற்று. களவாடப்பட்ட கடவுச்சொற்களால் நேரும் ஊடுருவலைத் தடுப்பதே அதன் காரணம், காரணம் நியாயமானதே. ஆயின், புதிய முறையை அறியாத 'அவுட்லுக் 2010' போன்ற பழைய மென்பொருள்களில் அஞ்சல் வருவது நின்றது. புதிய கணினி வாங்க வசதியுள்ள அலுவலகத்துக்கு இது ஒரு நாள் வேலை. பழைய கணினியோடு காலந்தள்ளும் அலுவலகத்துக்கோ, காரணம் தெரியாமலே கடிதப் போக்குவரத்து அறுந்துபோகும் நிலை.

இவை எவையும் அறிவிப்பின்றி நிகழ்வதில்லை. நிறுவனங்கள் நிருவாகிக்கான பக்கங்களில் முன்னறிவித்தல் இடுகின்றன. புதிய அம்சங்களை உடனே பெறும் விரைவு வழி, சில வாரங்கள் தாமதித்துப் பெறும் அட்டவணை வழி என இரண்டினுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வசதியும் உண்டு. ஆனால் அப்பக்கங்கள் நிருவாகி உரிமை பெற்றவருக்கே திறக்கும். அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அவை வாரந்தோறும் குவிகின்றன. பத்து அறிவித்தல்களுள் ஒன்பது நமக்கு வேண்டாதவையாகவும், எஞ்சிய ஒன்று இன்றியமையாததாகவும் இருக்கக்கூடும். அந்த ஒன்றைப் பிரித்தறிவதே நாம் மேலே உழைப்பு எனக் குறித்தது.

4. 2023 ஓகஸ்ட்: அரச முகில் தரும் பாடம்

வாடகையே தீங்கெனின், சொந்தச் சேவையகம் வைத்துக்கொண்டால் போதாதா என்ற வினா எழும். இதற்கு இலங்கை அரசின் அனுபவமே விடையளிக்கின்றது.

இலங்கை அரசு தனது அலுவலகங்களுக்கெனத் தனியான முகில் ஒன்றை 2007இலிருந்து நடத்தி வந்தது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதனை நிருவகித்தது. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி அதன் மின்னஞ்சற் பகுதி பணயத் தாக்குதல் ஒன்றுக்குள்ளாயிற்று. கோப்புகளைப் பூட்டிவைத்து மீட்புப்பணம் கோரும் தீநிரல் வகையைச் சேர்ந்த தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டது. ஆனால் 2023 மே 17இலிருந்து ஓகஸ்ட் 26வரையிலான கடிதங்கள் மீளவில்லை. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது; இணைப்பறுத்துத் தனியே வைத்த காப்புப்பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

இவ்விழப்பின் காரணமே நமது பொருளுக்கு முக்கியமானது. பயன்பாட்டிலிருந்தது மைக்ரோசொப்டின் 'எக்ஸ்சேஞ்ச்' அஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11உடன் முடிவடையும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலிருந்தே இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய நிருவாகத் தீர்மானங்களாலும் அது தாமதித்ததாகவும் அந்நிலையம் பின்னர் கூறிற்று. நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்திருந்த காலம் அது. அறிவித்தல் இருந்தது, அறிந்தோரும் இருந்தனர், பின்தொடர்வதற்கான பணமும் தீர்மானமும் இருக்கவில்லை.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. தாக்குதல் நடந்த வேளையில் மிகப் புதியதாக இருந்த 2019ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிவுற்றது. அதனை அடுத்து 2025 ஜூலையில் வந்த பதிப்பு சந்தா முறையில் வழங்கப்படுவது. அதாவது, சேவையகம் நமது அறையில் இருப்பினும் மென்பொருள் வாடகைக்கே கிடைக்கும். உடைமைக்கும் வாடகைக்கும் இடையிலான எல்லை இவ்வாறு அழிந்துவரும் நிலையில், எதனைத் தெரிவுசெய்தாலும் தொடர்ந்து கவனிக்கும் உழைப்பிலிருந்து விடுதலை இல்லை.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்வுண்மை வேறொரு வழியில் தெரிந்ததே. ஓர் ஏடு தானாக வாழ்வதில்லை. செல்லும் ஈரமும் அதனை அரிக்குமுன் ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதினால் மட்டுமே அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும். ஏட்டுப்பிரதிகளில் வழங்கிய இப்பிரதேச வரலாற்று மரபுகள் எஃப். எக்ஸ். சி. நடராசாவின் பதிப்பாக 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என அச்சேறியமைக்கு, அதற்குமுன் பெயரறியாத பலர் செய்த பெயர்த்தெழுதலே அடிப்படை. காப்புப்பிரதி எடுத்தல் என்பது அவ்வுழைப்பின் இன்றைய வடிவமாகும்.

ஆவண இழப்பென்பது இப்பிரதேச மக்களுக்கு வெறுஞ்சொல்லன்று. 1978 நவம்பர்ச் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை ஆகியன காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பலரிடமிருந்து பறித்துச் சென்றன. சான்றுத்தாள் இல்லாத குடும்பம் தன் உரிமையை நிலைநாட்ட எத்தனை வாசல் ஏறவேண்டும் என்பதை அவர்கள் அறிவர்.

5. இவ்வுழைப்பு யாருடையது?

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூல், திட்டமிடும் அறிவும் செய்துமுடிக்கும் கையும் முதலாளித்துவ உற்பத்தியிற் பிரிக்கப்படுவதை விளக்கியது. அலுவலக எழுத்துவேலையையும் அது ஆராய்ந்தது. முகிற் கருவிகளில் இப்பிரிவு கண்டங்களைக் கடந்து விரிந்துள்ளது. மாற்றத்தைத் திட்டமிடுவோர் அமெரிக்காவில் இருக்கின்றனர். அதற்கேற்பத் தன் கையையும் பழக்கத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியவர் கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ உள்ள முகாமைத்துவ உதவியாளர். அவரது கடமைப்பட்டியலில் 'மென்பொருள் மாற்றத்தைக் கற்றல்' என ஒரு வரி இருப்பது அரிது. எனவே அது மதிய உணவு நேரத்திலும், இரவில் வீட்டிலும், 'கணினி தெரிந்த தம்பி' ஒருவரின் தயவிலும் நடக்கின்றது. ஊதியமற்ற இவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறு நேரும்போது மட்டும் அவர் பெயர் தெரிகின்றது.

சிறு நிறுவனங்களின் நிலை இன்னும் நொய்மையானது. மீனவர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ செயலாளரின் சொந்த 'ஜிமெயில்' கணக்கிலேயே தன் கடிதங்களை வைத்திருப்பது வழமை. செயலாளர் மாறும்போது கடவுச்சொல் கைமாறுவதில்லை. மீட்புக் குறியீடு அவரது கைத்தொலைபேசிக்கே செல்கின்றது. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகிள் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கிற்று. செயலாளர் வெளிநாடு சென்று, கணக்கு கிடந்து, இரண்டாண்டு கழிந்தால் சங்கத்தின் நினைவும் அதனோடு கழியக்கூடும்.

அரச அலுவலகங்களைப் பொறுத்தமட்டில் இது சட்டப் பிரச்சினையுமாகும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மின்னஞ்சலையும் தகவல் என்பதனுள் அடக்குகின்றது. அச்சட்டத்தின் பின் உண்டாகும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேணவேண்டுமென விதிக்கின்றது. தனக்கு ஏன் நட்டஈடு மறுக்கப்பட்டது எனப் படுவான்கரை விவசாயி கேட்பதற்கு அச்சட்டம் வழிதிறந்துள்ளது. கேட்ட கடிதம் இடமாற்றம்பெற்றுச் சென்ற உத்தியோகத்தரின் சொந்தக் கணக்கில் இருக்குமாயின், அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

6. மொழி என்னும் தடை

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் முகிலின் நிருவாக மொழி நடைமுறையில் ஆங்கிலமே. இதற்குமேல், நமது அலுவலகங்களிற் பரவலாக வழங்கிய 'பாமினி' எழுத்துருவிற் தட்டச்சிட்ட பந்தியை மின்னஞ்சலில் ஒட்டினால், பெறுபவர் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலையே காண்பார்; அதனை முகிலின் தேடற்பொறியும் அறியாது. ஒருங்குகுறியில் எழுதப்பட்ட கடிதமே எக்கருவி மாறினும் தமிழாக நிற்கும். பாமினியிலிருந்து ஒருங்குகுறிக்கு மாறுவதும் இவ்வகையில் மாற்றத்தைத் தொடரும் உழைப்பின் ஒரு கூறேயாகும்.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்பதே அம்முயற்சியின் உந்துதல். இன்று தேவைப்படுவது சொற்பட்டியல் மட்டுமன்று. வாரந்தோறும் வரும் ஆங்கில அறிவித்தலை, நாளை காலை வேலைக்கு வருபவர் விளங்கிக்கொள்ளும் தமிழிற் சொல்லும் தொடர்பணியாகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க பணி இது.

7. வழிவகை

இதற்கான முன்மாதிரியை வெளியே தேடவேண்டியதில்லை. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழ் வேளாண்மை தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. விதைக்குந் திகதி, நீர்விடுந் திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்துந் திகதி ஆகியன அங்குத் தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானத்தை வயல் வட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வட்டவிதானை இருந்தார். அவ்வேலைக்கென விவசாயிகள் அவருக்கு நெல்லாகக் கூலி அளந்தனர். நீர் எப்போது வரும் என்று அறிந்து சொல்வதும் வேலையே என்பதை நம் விவசாய சமூகம் ஏற்றிருந்தது.

அதனை அடியொற்றிச் சில நடைமுறைகளைக் கூறலாம். ஒன்று, கணக்கு பதவியின் பெயரில் இருத்தல் வேண்டும். நிருவாகி உரிமை இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். இடமாற்றத்தின்போது தளபாடப் பட்டியலைப்போல் அதுவும் எழுத்தில் ஒப்படைக்கப்படல் வேண்டும். இரண்டு, அறிவித்தல்களைப் படிக்கும் பொறுப்பு ஒருவரின் கடமைப்பட்டியலில் எழுதப்பட்டு, அதற்கென வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒதுக்கப்படல் வேண்டும். மூன்று, பொது அலுவலர் அட்டவணை வழியிலும், பொறுப்பாளரும் ஓரிருவரும் விரைவு வழியிலும் இருப்பின், மாற்றத்தை முன்கூட்டியே கண்டு ஏனையோருக்குச் சொல்லலாம். நான்கு, எது மாறுகின்றது, எப்போது, யாருக்கு, என்ன செய்யவேண்டும் என்ற நான்கு வினாக்களுக்கு விடைகூறும் ஒருபக்கத் தமிழ்க் குறிப்பு வெளியிடப்படல் வேண்டும். ஐந்து, இணைப்பறுத்த காப்புப்பிரதி ஒன்று எடுக்கப்பட்டு, அதிலிருந்து மீட்க முடிகின்றதா என இடையிடையே சோதிக்கப்படல் வேண்டும். ஆறு, பெரும்போகம், சிறுபோகம் போல ஆண்டுக்கு இருமுறை, அயல் அலுவலகங்களும் பாடசாலைகளும் சங்கங்களும் ஒன்றுகூடி, வரும் ஆறு மாதத்தில் நிற்கப்போகும் கருவிகளையும் முடியப்போகும் ஆதரவுகளையும் பட்டியலிடல் வேண்டும்.

இவற்றுட் பெருஞ்செலவு கோருவது எதுவுமில்லை; நேரமும் பொறுப்பும் கோருவனவே யாவும். இவை முகில் நிறுவனத்துக்கும் நமக்கும் உள்ள சமமற்ற உறவை மாற்றிவிடமாட்டா. அவ்வுறவை மாற்றுவது அரச கொள்கையும் பிராந்திய ஒத்துழைப்பும் திறந்த மூல மென்பொருள் முயற்சிகளும் சேர்ந்து செய்யவேண்டிய நெடும்பணி. அதுவரை, அவ்வுறவின் சுமை தனியொரு எழுதுவினைஞரின் தோளில் வீழாமற் கூட்டாகப் பகிர்ந்துகொள்ள இவை உதவும். 2023இல் அழிந்த கடிதங்களுள் எந்த ஊரவரின் விண்ணப்பம் இருந்தது என்பதை இனி அறிய இயலாது. அடுத்த இழப்புக்கு முன் அறிவித்தலைப் படிப்பவர் யார் என்பதையாவது ஒவ்வோர் அலுவலகமும் இப்போதே எழுதிவைத்தல் வேண்டும்.